“இறங்கலாமெண்டு சொல்லுறானோ?”

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். என் மேசையிலிருந்து கிளம்பினாலும் அதே நேரம்தான் ஆகும். கம்ப்யூட்டரில் ஓட்டுகிற விமானம் என்பதற்காக நடுவிலிருக்கும் கடல் சுருங்கிவிடாது.

ஃப்ளைட் சிமுலேட்டர் என்றதும் வீடியோ கேம் என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். இதில் சுடுவதற்கு யாரும் இல்லை. பாயின்ட் கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. மைக்ரோசாஃப்ட் தன் முதல் ஃப்ளைட் சிமுலேட்டரை 1982-ல் வெளியிட்டபோது ஊர் என்றால் திரையில் சில கோடுகள்தான். 2020-ல் வந்த பதிப்பு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் விமானத்துக்குக் கீழே விரித்துவிட்டது. இன்று உங்கள் தெரு முனையைக்கூட மேலிருந்து அடையாளம் கண்டுவிடலாம்.

எல்லாம் இருந்தும் ஒரு குறை. அந்த உலகத்தில் ஆள் இல்லை. மலை இருக்கும், ஏரி இருக்கும், விமான நிலையத்தில் விளக்கு எரியும், நீங்கள் பாட்டுக்கு ஏறலாம், இறங்கலாம், ஏன் என்று கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். சிமுலேட்டர்களிலேயே ஒரு கட்டுப்பாட்டு அறைக் குரல் சேர்ந்து வருவது உண்டுதான். ஆனால் வழக்கமாக அது வாடிக்கையாளர் சேவை மைய போன் மாதிரி. புறப்பட அனுமதி வேண்டுமா, 1-ஐ அழுத்தவும். உயரம் மாற்ற வேண்டுமா, 2-ஐ அழுத்தவும்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ஏடிசி மென்பொருட்கள் வந்தன. ஏடிசி என்றால் ஏர் டிராஃபிக் கன்ட்ரோல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு. இதில் இரண்டு வழி. ஒன்று, நிஜ மனிதர்கள். ஐவாவோ (1998), வாட்சிம் (2001) போன்ற இணைய வலையமைப்புகளில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே கன்ட்ரோலராகப் பேசுகிறார்கள். காசு வாங்குவதில்லை. ஐரோப்பிய மாலை நேரத்தில் லண்டனுக்கோ ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ பறந்தால், மைக்கில் ஒரு வார்த்தை நுழைக்க இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம்.

நம் பக்கத்து வானம் அப்படி இல்லை. அதிலும் பலாலி போன்ற ஒரு சிறிய நிலையத்தில், நான் பறக்க நினைக்கும் நேரத்தில் ஒருவர் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் எனக்கு இரண்டாவது வழிதான். பைலட்டூஏடிசி, பியாண்ட்ஏடிசி, சேஇன்டென்ஷன்ஸ் என்று இதிலும் பல உண்டு. விமானம் எங்கே, எந்த உயரத்தில், எந்தத் திசையில் பறக்கிறது என்பதை இந்த மென்பொருள் சிமுலேட்டரிடமிருந்து நொடிக்கு நொடி வாங்கிக்கொள்கிறது. பறக்கும் திட்டத்தை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். பொத்தானை அழுத்தி மைக்கில் நாம் பேசினால், பேச்சை எழுத்தாக்கிப் புரிந்துகொண்டு பதில் சொல்லும். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்தப் பதில் இயந்திரக் குரலில் வருவதில்லை. சற்று அலுத்துப்போன, வேலையில் இருக்கிற மனிதக் குரலில் வருகிறது. பின்னால் ரேடியோ இரைச்சல் வேறு.

எங்கள் மேல் வீட்டில் ஒரு ஐயா இருக்கிறார். மயிலிட்டிக்காரர். வடமராட்சிக்கு மேற்கே, காங்கேசன்துறைக்குக் கிழக்கே, பலாலி ஓடுபாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடலோரம் இருக்கிற ஊர். 1990-ல் அந்தப் பகுதி ஜனங்கள் மொத்தமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். மயிலிட்டித் துறைமுகத்தை மக்களிடம் திருப்பிக் கொடுத்தது 2017-ல்தான். ஐயா அதற்குள் சென்னைக்காரர் ஆகிவிட்டார். இப்போது 75-ஐத் தாண்டியவர், முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் இதே சென்னை - பலாலி பயணத்தை அவருக்குக் குரல் இல்லாமல் ஓட்டிக் காட்டியிருக்கிறேன். பாதிக் கடலில், “வடிவான படம் தம்பி” என்று சொல்லி எழுந்து போய்விட்டார். மருந்து சாப்பிடும் நேரமாம். கட்டுப்பாட்டுக் குரலைச் சேர்த்த பிறகு, ஒரு ஆகஸ்ட் மாலையில் மறுபடி கூப்பிட்டேன். விமானத்துக்கு நான் வைத்திருந்த பதிவெண் விடி-கேகேஎஸ். சிமுலேட்டரில் நமக்குப் பிடித்த எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். காங்கேசன்துறையை யாழ்ப்பாணத்தில் கே.கே.எஸ். என்றுதான் சொல்வார்கள். அவர் திரையில் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விமானம் ஏடிஆர் 72. பக்கத்துக்கு ஒரு விசிறி சுழலும் சிறிய ரகம். பலாலியின் ஓடுபாதை குட்டை என்பதால் நிஜத்திலும் சென்னையிலிருந்து அங்கே போவது இந்த ரகம்தான்.

ஒரு பயணத்தில் எத்தனை பேரிடம் பேச வேண்டும் என்பது வெளியிலிருக்கும் நமக்குத் தெரிவதில்லை. மீனம்பாக்கத்தில் முதலில் டெலிவரி. எந்த வழி, எந்த உயரம், எந்த எண் என்று பயணத்துக்கே அனுமதி தருபவர். அந்த எண்ணுக்கு ஸ்குவாக் என்று பெயர். ரேடார் திரையில் நம்மை அடையாளம் காட்டும் நாலு இலக்கம், பூஜ்யத்திலிருந்து ஏழு வரையிலான இலக்கங்கள் மட்டும். இரண்டாம் உலகப் போரில் ‘நம் விமானம்தான்’ என்று சொல்லும் கருவிக்குக் கிளி என்று சங்கேதப் பெயர் வைத்தார்கள். கிளி கத்துவதுதான் ஸ்குவாக். எங்கள் கிளிக்குக் கிடைத்தது 4271.

அடுத்து கிரவுண்ட். நின்ற இடத்திலிருந்து ஓடுபாதை வரை தரையில் நடத்திக்கொண்டு போகிறவர். பிறகு டவர். ஓடுபாதையின் சொந்தக்காரர் மாதிரி. அவர் சொல்லாமல் ஒரு சக்கரம்கூட உள்ளே வைக்கக் கூடாது.

அவர்கள் சொல்வதை எல்லாம் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். ரீட்பேக் என்பார்கள். “எத்தினை தரம் ஒண்டையே கதைக்கிறீங்கள்?” என்று ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் நம் நாட்டு வானத்திலேயே இருக்கிறது. 1996 நவம்பர் 12, ஹரியானாவில் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி. டெல்லிக்கு இறங்கிய கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. நடுவில் ஆயிரம் அடி இடைவெளி, அது போதும். ஆனால் கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்கும் கீழே வந்துவிட்டது. 349 பேர். இரண்டு விமானங்கள் வானில் மோதிக்கொண்டதில் அதைவிடப் பெரிய சாவு இதுவரை இல்லை.

இன்னொன்று, 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு. பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையில். ஒன்று அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி ஓட ஆரம்பித்தது. 583 பேர். அதற்குப் பிறகு ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லையே சிக்கனமாக்கிவிட்டார்கள். கிளம்பு என்று அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் அந்தச் சொல். மற்ற நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’. ஒன்பதை ‘நைனர்’ என்று சொல்வதும், மூன்றை ‘ட்ரீ’, ஐந்தை ‘ஃபைஃப்’ என்று சொல்வதும் ஸ்டைலுக்காக அல்ல. இரைச்சலில் ஒரு எண் இன்னொன்றாகக் கேட்டுவிடக் கூடாது.

மென்பொருளுக்கு இது தெரியுமா என்று பார்க்க, கிளம்பும் முன் ஒரு எண்ணை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். “நெகட்டிவ்” என்று உடனே தடுத்து, சரியானதை மறுபடி சொல்லி, நான் ஒழுங்காகத் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. “நல்ல வாத்தியார்” என்றார் ஐயா.

தென்மேற்குக் காற்று. எனவே மேற்கு பார்த்துக் கிளம்பும் 25-ம் ஓடுபாதை. முதுகுப் பக்கம் பரங்கிமலை, இடப்பக்கம் திரிசூலம் குன்று. “ரன்வே டூ ஃபைஃப், க்ளியர்ட் ஃபார் டேக் ஆஃப்.” ஏறியதும் எதிரே செம்பரம்பாக்கம் ஏரி மாலை வெயிலில் தகடாக மின்னியது. டவர் எங்களை டிபார்ச்சர் வசம் ஒப்படைத்தது. இடப்பக்கம் திரும்பித் தெற்கே வரச் சொன்னார்கள். 

அப்போதுதான் குரல் சொன்னது: “டிராஃபிக், லெவன் ஓ க்ளாக், ஃபைஃப் மைல்ஸ்.” உங்களுக்கு இடது முன்பக்கம், ஐந்து மைல் தூரத்தில் இன்னொரு விமானம்.

“வேற ஆரும் வரீனமோ?” என்று ஐயா திரைக்குக் கிட்டே குனிந்தார். ஒரு வெள்ளைப் புள்ளி. சென்னையில் இறங்க வருகிற விமானம், மென்பொருள் தானாகக் கொண்டுவந்து விட்டது. அதற்கும் அதே குரல் வழி சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தால், நம்மிடம் பேசாத நேரத்தில் அவர் யாரிடம் பேசுகிறார், எவ்வளவு வேலையாக இருக்கிறார் என்பதெல்லாம் பிடிபடும். நம்முடைய முறைக்குக் காத்திருப்போம். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பொறுமை வானத்திலும் தேவைப்படுகிறது என்பது குரல் இல்லாத நாட்களில் எனக்குத் தெரிய வாய்ப்பே இருந்ததில்லை.

14,000 அடி. சென்னையிலிருந்து பலாலி ஏறக்குறைய நேர் தெற்கு. கடற்கரை வலப்பக்கம் கூடவே வரும். மரக்காணத்து உப்பளங்கள், புதுச்சேரி, கடலூர், அப்புறம் காவிரி கடலில் சேரும் பச்சை. நாகப்பட்டினம் வந்ததும் ஐயா பேச்சைத் தொடங்கினார். இங்கிருந்துதானே இப்போது கே.கே.எஸ்.ஸுக்குக் கப்பல் போகிறது என்றார். ஆமாம், 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தார்கள்.

விமானப் பாதையும் புதியதல்ல. இலங்கைக்கென்று தொடங்கிய ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே இந்த வழியாகத்தான் பறந்தது. 1947 டிசம்பர் 10. கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையில் கிளம்பிய டகோட்டா, இதே பலாலித் தளத்தில் இறங்கி ஏறி, மதராஸ் மீனம்பாக்கத்துக்கு வந்தது. பலாலித் தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேய விமானப்படை போட்டது. ஐயா சின்னப் பையனாகக் கரையில் நின்று பார்த்ததெல்லாம் அந்த விமானங்களைத்தான். “சத்தம் கேட்டாலே நாங்கள் கடற்கரைக்கு ஓடுவம். ஏறினதில்லை. ஏறுறவை வெள்ளை வேட்டிக்காரர். எங்களுக்குத் தோணி இருந்தது.”

போருக்குப் பிறகு அந்தத் தளம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது 2019 அக்டோபர் 17-ல். முதல் விமானம் சென்னையிலிருந்து. சில மாதங்களில் கொரோனா வந்து நின்றுபோனது. 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. 

கோடியக்கரை. இங்கே கரை சட்டென்று மேற்கே மடங்கிவிடும். அதற்குப் பிறகு கீழே கடல் மட்டும்தான், பாக் நீரிணை. சதுப்பு நிலத்தின் விளிம்பைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் சென்னைக் குரல் எங்களைக் கூப்பிட்டது. வானத்துக்கும் தாலுகா, ஜில்லா உண்டு. இந்திய வானத்தை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நாலு பெரிய வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை வட்டாரம் இந்தக் கடலில் முடிகிறது, கொழும்பு வட்டாரம் தொடங்குகிறது. “காண்டாக்ட் கொழும்பு, குட் டே” என்று அலைவரிசை எண்ணைக் கொடுத்தார். நான் எண்ணைத் திருப்பிச் சொல்லி, மாற்றி, கொழும்பைக் கூப்பிட்டேன். வேறு குரல், வேறு இழுவை. எங்கள் பதிவெண்ணைச் சொல்லி “குட் ஈவினிங்” என்றது.

“அவ்வளவுதானோ?” என்றார் ஐயா.

அவ்வளவுதான் ஐயா, கோட்டைத் தாண்டிவிட்டோம் என்றேன். அவர் கீழே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கோட்டுக்காக ராமேஸ்வரத்திலும் நாகையிலும் மயிலிட்டியிலும் படகும் வலையும் போகிறதோ, அதே கடல். மேலே இரண்டு ‘குட்’களில் முடிந்துவிட்டது.

கொழும்புக் குரலுக்கு நம் ஊர்ப் பெயர்கள் வாயில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பே ‘கொலம்போ’தான், அது இருக்கட்டும். பலாலியை ‘பலேலை’ என்றது. மனித கன்ட்ரோலரானால் இது நடக்காது. ஐயா அதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய கேள்வி வேறு. “உவனுக்கு நாங்கள் வாறது தெரியுமோ?” தெரியும் என்றேன். எங்கே இருக்கிறோம், எத்தனை நிமிடத்தில் வருவோம், எல்லாம். “அப்ப சரி” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் இல்லாமல் பறந்த அன்று அவர் எழுந்து போன இடத்தை இந்த முறை எப்போதோ தாண்டியிருந்தோம். படம் அதே படம்தான். அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் காத்திருக்கிறார் என்பது மட்டும்தான் புதிது.

இறங்கத் தொடங்கினோம். குடாநாடு தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு பலகை போலத் தெரியும். மலை இல்லை, குன்று இல்லை. கிட்டப் போகப் போகத்தான் செம்மண்ணும் பனங்கூடலும் பிரியும். கொழும்பு எங்களைப் பலாலி டவரிடம் விட்டது. ஓடுபாதை தெரிந்ததும் சொல்லுங்கள் என்றது டவர். காற்று தென்மேற்கிலிருந்து. ஆகவே 23-ம் ஓடுபாதை, கடல் பக்கமிருந்து உள்ளே வர வேண்டும்.

வலப்பக்கம் மெதுவாகத் திரும்பினோம். ஓடுபாதை நேரே வந்தது. தெரிகிறது என்று சொன்னேன். ஒரு நொடி மௌனம், இரைச்சல் மட்டும்.

“விக்டர் டேங்கோ கிலோ கிலோ சியரா, விண்ட் டூ ட்ரீ ஸீரோ, ஒன் டூ நாட்ஸ், ரன்வே டூ ட்ரீ, க்ளியர்ட் டு லேண்ட்.”

“என்ன சொல்லுறான்? இறங்கலாமெண்டு சொல்லுறானோ?”

“ஓம் ஐயா, இறங்கலாமாம்.”

ரீட்பேக் கொடுக்கப் பொத்தானை அழுத்தினேன். ஐயா என் கையைத் தொட்டு நிறுத்தி, வலப்பக்கம் பார்க்க முடியுமா என்றார். பார்வையை மட்டும் வலப்பக்க ஜன்னலுக்குத் திருப்பினேன். தூரத்தில் காங்கேசன்துறையின் துறைமுகச் சுவர். அதற்கு இந்தப் பக்கம் ஒரு சிறிய அலைதடுப்பு, கடலுக்குள் மடக்கிய கை போல. அவர் விரலைத் திரையில் வைத்தார். கோயிலைச் சொன்னார், பள்ளிக்கூடத்தைச் சொன்னார், அடுத்து ஒரு இடத்தில் விரல் நின்றது. திரையில் அங்கே பச்சையாக இருந்தது, வீடு எதுவும் தெரியவில்லை.

குரல் மறுபடி கூப்பிட்டது. திருப்பிச் சொல்லவில்லையே என்று கேட்டது. “க்ளியர்ட் டு லேண்ட், கிலோ கிலோ சியரா” என்றேன். பார்வையை முன்னால் திருப்பி, சக்கரங்களை வைத்தேன். 1,400 மீட்டர் ஓடுபாதையில் வேடிக்கை பார்க்க நேரமில்லை.

இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல கம்ப்யூட்டர் ஒன்றும், மைக் வைத்த சாதாரண ஹெட்செட் ஒன்றும் வேண்டும். மொபைலில் முடியாது. மைக்கில் பேசக் கூச்சமாக இருந்தால் மென்பொருளிடமிருந்து தொடங்குங்கள், அது சலித்துக்கொள்ளாது. பழகியதும் மனிதர்கள் இருக்கும் வலையமைப்புக்குப் போய்ப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பதிவெண்ணைச் சொல்லிக் கூப்பிடும்போது நெஞ்சு படபடக்கும். கம்ப்யூட்டர்தானே என்று மூளை சொல்வதைக் கை கேட்காது.

விமானத்தை நிறுத்தி, இயந்திரங்களை அணைத்தேன். விசிறிகள் ஓய்ந்தன.

“அவனுக்கு நன்றி சொன்னீங்களோ?” என்றார் ஐயா. சொல்லவில்லை. பொத்தானை அழுத்தி நன்றி சொன்னேன். “குட் ஈவினிங்” என்று பதில் வந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

“எப்பவும் இந்தப் பக்கத்தாலதானோ இறங்குறது?”

காற்றைப் பொறுத்தது ஐயா என்றேன். மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது மறுமுனையால் இறங்க வேண்டும். கடல் பக்கமிருந்து நேரே வர முடியாது. குடாநாட்டுக்கு மேலே தெற்கே போய், சுற்றித் திரும்பி வர வேண்டும். மயிலிட்டி இடப்பக்கம் வரும்.

“அப்ப கனநேரம் ஊருக்கு மேல நிக்கலாம்” என்றார். “மார்கழியிலயும் ஒருக்காப் போவம் தம்பி. மருந்தை நான் முதலே குடிச்சிட்டு வாறன்.”